கைப்பிடியை இழுக்கும் முன்: பழைய ஸ்லாட் மெஷினைத் திறந்து, காலம் கணித்து, கணக்குப் பார்ப்பது

பழைய ஸ்லாட் மெஷின் (காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரம்) ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்க்கலாமே என்பதுதான். அந்த ஆசையைக் கொஞ்ச நேரம் அடக்கி வையுங்கள். பல வருடம் ஓடாமல் கிடந்த இயந்திரத்தில் எண்ணெய் பிசினாகக் கெட்டிப்பட்டிருக்கும், ஏதாவது ஒரு தட்டில் வளைந்த காசு சிக்கியிருக்கும். பலமாக ஒரு இழுப்பு இழுத்தால் நெம்புகோல் வளையும், இல்லையென்றால் வார்ப்பு உலோகத் துண்டு ஒன்று ஒடியும். அந்தத் துண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

முதலில் கண்ணால் பாருங்கள், பிறகு பின்கதவைத் திறங்கள், கைப்பிடி கடைசியில்தான். பார்க்கத் தெரிந்தால் அந்த இயந்திரம் எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது, யார் கைபட்டது, எவ்வளவு திருப்பிக் கொடுத்தது என்பதெல்லாம் உள்ளேயே எழுதியிருக்கும்.

காலம் கணிக்கும் படிகள்

முதல் கேள்வி: சுழல்வது எத்தனை, அதில் இருக்கும் சின்னம் என்ன?

ஐந்து உருளையில் சீட்டுக்கட்டின் சீட்டுகள் இருந்தால் அது போக்கர் மெஷின் வகை. நியூயார்க்கின் புரூக்ளினில் சிட்மன் அண்ட் பிட் நிறுவனம் 1891-இல் செய்த இயந்திரத்திலிருந்து வளர்ந்த குடும்பம். ஐந்து உருளை, உருளைக்குப் பத்து சீட்டு, மொத்தம் 50. ஒரு நிக்கல் (அமெரிக்க ஐந்து சென்ட் காசு) போட்டு இழுக்க வேண்டும். காசு கொட்டும் வழி அதில் கிடையாது; நல்ல சீட்டுச் சேர்க்கை விழுந்தால் மதுக்கடைக்காரர் பீரோ சுருட்டோ கொடுப்பார். எனவே இந்த வகையைத் திறந்து காசுக் குழாயைத் தேட வேண்டாம், இருக்காது. பார்க்க வேண்டியது சீட்டுகளை. கட்டில் 52 இருக்க, இதில் 50தான். வழக்கமாக இஸ்பேடு பத்தையும் ஆர்ட்டின் ஜாக்கியையும் எடுத்துவிடுவார்கள். அந்த இரண்டு போனால் நான்கு ராயல் ஃபிளஷில் (ஒரே இனத்தின் பத்து முதல் ஏஸ் வரை ஐந்தும் சேரும், போக்கரின் மிகப் பெரிய சேர்க்கை) இரண்டு நடக்கவே நடக்காது. இன்னொரு நுணுக்கமும் உண்டு: ஒரே உருளையில் இருக்கும் இரண்டு சீட்டு ஒருபோதும் சேர்ந்து விழாது. உருளைகளின் சீட்டு வரிசையை எழுதிப் பார்த்தால், மிச்சமிருக்கும் ராயல் ஃபிளஷுக்காவது வழி இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆள் உயரப் பெட்டியில் ஒரே ஒரு பெரிய வண்ணச் சக்கரம் நின்று சுழன்றால், அது 1890-களின் பிற்பகுதியில் தொடங்கி அடுத்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகள் வரை ஓடிய தரை மாடல். மில்ஸ் நிறுவனத்தின் 1897 ‘ஆவுல்’ இந்த வகையில் பேர்போனது. டெட்ராய்டின் கெய்ல் பிரதர்ஸும் இவற்றை நிறையச் செய்தார்கள். ஒற்றைச் சக்கரத்தில் தானாகக் காசு கொடுப்பது எளிது. சக்கரம் எங்கே நின்றது என்ற ஒரே கேள்விக்குத்தான் இயந்திரம் பதில் சொல்ல வேண்டும். ஐந்து உருளைச் சீட்டில் அப்படி முடியாது, சேர்க்கைகள் மிக அதிகம்.

மூன்று ரீல் (சின்னம் ஒட்டிய சுழல் உருளை) இருந்தால் அது சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே 1890-களில் உருவாக்கிய ‘லிபர்ட்டி பெல்’ வழி வந்தது. பவேரியாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த இந்த மெக்கானிக் செய்த காரியம், ஐந்தை மூன்றாகக் குறைத்தது. லாடம், நட்சத்திரம், இஸ்பேடு, டைமண்ட், ஆர்ட்டின், விரிசல் விட்ட மணி என்று சின்னங்களையும் குறைத்தார். ரீலுக்கு நிற்கும் இடம் பத்து. மொத்தம் 1,000 சேர்க்கை. இந்த அளவுக்குச் சுருக்கிய பிறகுதான் நெம்புகோலும் ஸ்பிரிங்கும் மட்டுமே வைத்து, எது பரிசு என்று கண்டுபிடித்துக் காசையும் கொடுக்க முடிந்தது.

மூன்று ரீல் இயந்திரத்துக்குள் காலத்தைப் பிரிக்க இந்த வரிசையில் பாருங்கள்:

1. பெட்டி எதனால் ஆனது? காந்தம் வைத்துப் பாருங்கள். முழுக்க வார்ப்பிரும்பு என்றால் பெரும்பாலும் 1900-களின் முதல் பதினைந்து ஆண்டுகள். மரப்பெட்டிக்கு அலுமினிய முகப்பு என்றால் அதற்குப் பிறகு. இரும்புப் பெட்டிக்கான செலவும் எடையும் தாங்காமல் 1915 வாக்கில் தயாரிப்பாளர்கள் மரத்துக்கு மாறினார்கள்.

2. சின்னம் சீட்டு அடையாளமா, பழமா? 1907-இல் சிகாகோவின் மில்ஸ் நாவெல்டி நிறுவனம் தன் லிபர்ட்டி பெல்லை இறக்கியபோது மணியும் சீட்டு அடையாளங்களுமே இருந்தன. 1909-இல் சான் ஃபிரான்சிஸ்கோவும், 1911-இல் கலிஃபோர்னியா முழுவதும் இந்த இயந்திரங்களுக்குத் தடை போட, தயாரிப்பாளர்கள் ‘இது சூதாட்டமில்லை, சூயிங்கம் விற்கும் இயந்திரம்’ என்று வேஷம் கட்டினார்கள். செர்ரி, பிளம், ஆரஞ்சு, எலுமிச்சை எல்லாம் அந்தக் கம்மின் சுவைகள். ‘பார்’ என்ற கட்டம் கம் பொட்டலத்தின் முத்திரையிலிருந்து வந்தது. ஆகவே பழம் இருந்தால் பெரும்பாலும் 1909-க்கு முன்னால் போகாது.

3. முகப்பிலோ பக்கவாட்டிலோ நெட்டுக் கண்ணாடிப் பத்தி இருக்கிறதா? மின்ட் மிட்டாய் உருளைகளை அடுக்கி வைக்க அவை. சில இயந்திரங்களில் ‘அடுத்த இழுப்பில் இன்னது கிடைக்கும்’ என்று முன்கூட்டியே காட்டும் சிறு சாளரமும் இருக்கும். கிடைப்பது முன்பே தெரிந்தால் அது அதிர்ஷ்ட விளையாட்டு ஆகாது என்று வாதாடத்தான் அது. அதற்கடுத்த இழுப்பில் என்ன வரும் என்ற ஆசையில்தான் ஆட்கள் காசு போடுகிறார்கள் என்று நீதிமன்றங்கள் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

4. முகப்பில் ஜாக்பாட் கண்ணாடி உண்டா? காசு குவிந்து கண்ணில் படும் அந்த ஜன்னல் 1920-களின் கடைசியில்தான் பரவலானது.

5. காசு நுழையும் இடம் எப்படி? மேலே அன்னத்தின் கழுத்துபோல வளைந்த வாய் என்றால் 1931-க்கு முந்தைய மில்ஸ். போட்ட கடைசிச் சில காசுகள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நகர்ந்து போவது தெரிந்தால் அது ‘எஸ்கலேட்டர்’, 1931 முதல். இது அழகுக்காக வைத்ததல்ல. போலிக் காசு போட்டால் அது கடைக்காரர் கண்ணில் பட வேண்டும் என்பதே நோக்கம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முகப்பின் காலத்தை இயந்திரத்தின் காலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜாக்பாட் பிரபலமானபோது, கையில் பழைய மெஷின் வைத்திருந்தவர்கள் உள்ளே இருந்ததை அப்படியே விட்டு முகப்பை மட்டும் மாற்றினார்கள். 1920-களின் நடுவில் செய்த இயந்திரம் 1930-களின் முகத்தோடு இருப்பது சர்வ சாதாரணம். வரிசை எண் பெரும்பாலும் பெட்டியில் ஒரு இடத்திலும் உள் இயந்திரத்தில் ஒரு இடத்திலும் பொறித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஜோடி மாறியிருக்கிறது. அது மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பத்து மெஷினைப் பழுதுபார்க்கும் பட்டறையில் உள்ளே இருப்பது மாறிப்போவது வழக்கம். ஆனால் விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டும்.

நகலைப் பிடிப்பது

லிபர்ட்டி பெல், வாட்லிங் ரோலடாப் போன்ற பெயர்போன மாடல்களுக்குப் பிற்கால நகல்கள் உண்டு. மூன்று சோதனை போதும்.

அளவு: அசல் முகப்பையே அச்சாக வைத்து மறுபடி வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கி, நகல் சின்னதாகும். வார்ப்பிரும்பில் சுமார் 1 சதவீதம், அலுமினியத்தில் சுமார் 1.3 சதவீதம். 400 மி.மீ. அகலமுள்ள முகப்பு அலுமினிய நகலில் 5 மி.மீ. குறையும். அசல் என்று உறுதியான ஒன்றின் அளவு உங்களிடம் இருந்தால் டேப்பும் கேலிப்பரும் போதும், வேறு நிபுணர் தேவையில்லை.

விளிம்பு: நகலில் பூ வேலையின் முனைகள் மழுங்கி, பின்பக்கத்தில் மணல் அச்சின் சொரசொரப்பு புதிதாக இருக்கும். அசலின் பின்பக்கம் அழுக்கேறிக் கருத்திருக்கும். முன்பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் பழசாக்கலாம். பின்பக்கத்தில் அவ்வளவு சிரமப்பட யாருக்கும் பொறுமை இருக்காது.

திருகாணி: கூட்டல் குறித் தலைத் திருகாணி 1930-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. 1910 மாடலில் அது இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்றாவது அர்த்தம். ஒன்றிரண்டு இருந்தால் பழுதுபார்த்த தடயம். எல்லாமே அதுவென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பின்கதவைத் திறப்பது

சாவி இல்லாவிட்டால் பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். துளையிட்டே ஆக வேண்டிய நிலையில் பூட்டின் உருளையில் மட்டும் துளையிடச் சொல்லுங்கள். உருளை மாற்றக்கூடியது, அதைச் சுற்றியிருக்கும் கதவு மாற்ற முடியாதது.

திறந்ததும் எதையும் தொடாமல் படம் எடுங்கள். நேராக ஒன்று, இடது வலது பக்கம் ஒவ்வொன்று, மேலிருந்து ஒன்று, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஒவ்வொரு கொக்கியையும் கிட்டத்தில். ஸ்பிரிங்குகள் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் இழுவிசை வேறு. எது எங்கே இருந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள்.

மில்ஸ் போன்ற பெரும்பாலான மேசை மாடல்களில் உள்ளிருக்கும் இயந்திரம் முழுவதும் ஒரே துண்டாகப் பின்பக்கமாகச் சறுக்கி வெளியே வரும். தாழ்ப்பாளை விடுவித்து, இரண்டு கையாலும் அடித்தகட்டைப் பிடித்து நேராக இழுங்கள். ரீலைப் பிடித்து இழுக்காதீர்கள். வெளியே வந்ததும் கனமான மேசையில், அடியில் தடிமனான துணி விரித்து வையுங்கள்.

இயந்திரம் ‘ஏறிய’ நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கைப்பிடி பாதியில் விடப்பட்டிருந்தால் முக்கிய ஸ்பிரிங் இழுபட்டபடியே நிற்கும். அப்போது காசுத் தட்டுகளுக்கு இடையில் விரலை விட்டால், விடுபடும் தட்டு விரலை வெட்டும். பென்சிலாலோ மரக்குச்சியாலோ தள்ளி ஓட்டத்தை முடியவிட்டு, பிறகு கை வையுங்கள். ஸ்பிரிங் கழற்றும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

காசு விழுந்ததும் ஒரு சிறு உலோக விரல் அது உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். இருந்தால்தான் கைப்பிடியின் பூட்டு விலகும். இழுக்கும்போது மூன்று காரியம் ஒரே சமயத்தில் நடக்கிறது: ரீல்களைப் பிடித்திருந்த நிறுத்தக் கைகள் மேலே தூக்கப்படும், பரிசை ஆராயும் விரல்கள் பின்வாங்கும், முக்கிய ஸ்பிரிங் ஏறும். இழுப்பின் முடிவில் உதைகோல் மூன்று ரீலையும் ஒரே உதையில் சுழற்றிவிடும். அங்கிருந்து பொறுப்பு ‘கிளாக்’ என்று சொல்லப்படும் பகுதிக்கு. சில பற்சக்கரங்கள், முனையில் காற்றைத் தள்ளும் சிறு விசிறி. அந்த விசிறிதான் வேகத்தைக் கட்டுப்படுத்தி, நிறுத்தக் கைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக விழவிடுகிறது. ‘டக்… டக்… டக்’ என்று கேட்கும் மூன்று சத்தம் அதுதான்.

ஒவ்வொரு ரீலோடும் ஒரு நட்சத்திரச் சக்கரமும் ஒரு பரிசுத் தகடும் சேர்ந்தே சுற்றும். நிறுத்தக் கை நட்சத்திரச் சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து ரீலை நிறுத்தும். பிறகு விரல்கள் முன்னே வந்து பரிசுத் தகடுகளைத் தடவிப் பார்க்கும். சில தயாரிப்பில் தகட்டில் துளைகள், சிலவற்றில் விளிம்பில் ஆழம் மாறும் வெட்டுகள். துளை உள்ள வகையில், ஒவ்வொரு சின்னத்துக்கும் மையத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவில் துளை வரிசை இருக்கும். மூன்று தகட்டிலும் ஒரே சின்னத்தின் துளை நேர்க்கோட்டில் வந்தால் விரல் ஆழமாக இறங்கும். அந்த இறக்கம் காசுக் குழாயின் அடியிலுள்ள தட்டுகளை விடுவிக்கும்.

தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பெரிய பரிசு என்றால் அதிகத் தட்டுகள் சேர்ந்து நகரும். மில்ஸ் பரிசு அட்டைகளில் அடிக்கடி காணும் 3, 5, 10, 14, 18, 20 என்ற விசித்திரமான படிகள் வியாபாரக் கணக்கு மட்டுமல்ல, இந்த அடுக்கின் விளைவும்கூட.

கவனிக்க வேண்டியது ஒன்று: இயந்திரத்துக்குப் படம் தெரியாது. ரீலில் ஒட்டிய காகிதத்தில் மணி இருக்கிறதா எலுமிச்சை இருக்கிறதா என்பது அதற்குச் சம்பந்தமில்லை. அது தகட்டை மட்டும்தான் படிக்கிறது. பழைய காகிதம் கிழிந்துவிட்டது என்று வேறு மாடலின் பட்டையை வாங்கி ஒட்டியவர்கள் வீட்டில் மூன்று மணி விழுந்தும் காசு வராததும், கலவையாக விழும்போது பத்துக் காசு கொட்டுவதும் இதனால்தான்.

கணக்கு எடுப்பது

ஒரு தாளில் 1 முதல் 20 வரை எண் போட்டு (மில்ஸ் ரீலுக்கு நிற்கும் இடம் இருபது) மூன்று பத்தி வரையுங்கள். நிறுத்தக் கையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு ரீலையும் ஒரு பள்ளம் ஒரு பள்ளமாகக் கையால் நகர்த்தி, நடு வரியில் நிற்கும் சின்னத்தை எழுதுங்கள். பக்கத்திலேயே தகட்டில் எந்தத் தொலைவில் துளை இருக்கிறது என்றும் குறியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் காகிதம் சரி.

கணக்குக்கு ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம் (எண்கள் விளக்கத்துக்காக):

ரீல் 1: செர்ரி 7, ஆரஞ்சு 3, பிளம் 5, மணி 1, பார் 1, எலுமிச்சை 3
ரீல் 2: செர்ரி 5, ஆரஞ்சு 5, பிளம் 3, மணி 5, பார் 1, எலுமிச்சை 1
ரீல் 3: செர்ரி 0, ஆரஞ்சு 7, பிளம் 4, மணி 4, பார் 1, எலுமிச்சை 4

மொத்தச் சேர்க்கை 20 × 20 × 20 = 8,000. ஆரஞ்சு, பிளம், மணி மூன்றுக்கும் கடைசி ரீலில் பார் வந்தாலும் பரிசு உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு செர்ரியும் மணி அல்லது எலுமிச்சையும்: 7 × 5 × 8 = 280 வழி, தலா 5 காசு, 1,400.
இரண்டு செர்ரியும் மற்றவையும்: 7 × 5 × 12 = 420 வழி, தலா 3, 1,260.
ஆரஞ்சு: 3 × 5 × 8 = 120 வழி, தலா 10, 1,200.
பிளம்: 5 × 3 × 5 = 75 வழி, தலா 14, 1,050.
மணி: 1 × 5 × 5 = 25 வழி, தலா 18, 450.
மூன்று பார்: ஒரே வழி, 20.

கூட்டினால் 5,380. போட்ட 8,000 காசுக்கு 5,380 திரும்புகிறது, அதாவது 67.25 சதவீதம், ஜாக்பாட் குவியலைச் சேர்க்காமல். பரிசு விழுவது 921 முறை, சுமார் ஒன்பது இழுப்புக்கு ஒன்று.

முதல் ரீலில் மணி ஒன்றே ஒன்று, மற்ற இரண்டிலும் ஐந்தும் நான்கும் என்பதைப் பாருங்கள். ஆடுபவர் கண்ணில் மணி அடிக்கடி படும். மூன்று சேர்வதுதான் அரிது. கண்ணாடியில் நடு வரிக்கு மேலும் கீழும் உள்ள சின்னங்களும் தெரியும் மாடல்களில் ‘ஒரு கட்டத்தில் போச்சே’ என்ற உணர்ச்சி இன்னும் கூடும். ஃபே வைத்த பத்து இடத்தை மில்ஸ் இருபதாக்கியபோது, ரீலில் ஒன்றே ஒன்றாக இருக்கும் சின்னம் மூன்றும் சேரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து எட்டாயிரத்தில் ஒன்றாக இறங்கியது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அப்போதும் மூன்று ரீல்தான்.

இந்தக் கணக்கு எடுக்கும்போதே இன்னொன்றையும் தேடுங்கள். நட்சத்திரச் சக்கரத்தின் ஏதாவது ஒரு பள்ளத்தை அடைத்தபடி சின்ன எஃகுத் துண்டு மாட்டியிருக்கிறதா? ‘பக்’ என்பார்கள். நிறுத்தக் கை அந்தப் பள்ளத்தில் விழ முடியாமல் அடுத்ததற்குப் போய்விடும். நம் மாதிரியில் முதல் ரீலின் ஒரே மணியை அடைத்து, அடுத்த இடம் எலுமிச்சையாக இருந்தால், மணியின் 450 காசும் போய் 4,930 மிஞ்சும், 61.6 சதவீதம். பரிசு அட்டையில் மூன்று மணிக்கு 18 என்று இருக்கும், ஆனால் அது ஒருநாளும் விழாது. முதல் இரண்டு ரீலிலும் நல்ல இடங்களை அடைத்த இயந்திரங்களும் உண்டு. வீட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கழற்றிவிடலாம், ஆனால் தூக்கி எறியாமல் ஒரு உறையில் போட்டு எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று எழுதி உள்ளேயே வையுங்கள். அதுவும் அந்த இயந்திரத்தின் வரலாறுதான்.

சுத்தம் செய்வது

முழுவதும் பிரித்துப் போடாதீர்கள். பத்தில் எட்டு இயந்திரத்துக்குத் தேவை பழைய எண்ணெயை எடுப்பது மட்டும்தான் என்று சொன்னால் மிகையில்லை.

காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு மினரல் டர்பன்டைனில் நனைத்த தூரிகையால் அச்சுகள், கிளாக்கின் பற்சக்கரங்கள், காசுத் தட்டுகள் என்று பகுதி பகுதியாகக் கழுவுங்கள். காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ரீல் காகிதத்தில் ஒரு சொட்டும் படக் கூடாது. முதலில் ரீலைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிடுங்கள். தண்ணீர் எங்கும் வேண்டாம்.

நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய். தையல் மெஷின் எண்ணெயோ கடிகார எண்ணெயோ, ஊசி முனையால் தொட்டு, ஒவ்வொரு சுழல் அச்சுக்கும் ஒரு சொட்டு. விசிறியின் அச்சுக்கு அதிலும் பாதி. காசுத் தட்டுகளுக்கும் காசு போகும் பாதைக்கும் எண்ணெயே போடக் கூடாது. எண்ணெய் பட்ட காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஐந்து வர வேண்டிய இடத்தில் நான்கு வரும். துருவை இளக்கும் ஸ்பிரே வகைகளை எண்ணெய்க்குப் பதிலாக அடிப்பதுதான் நாம் பார்க்கும் மிகப் பரவலான தவறு. அன்றைக்கு நன்றாக ஓடும், பிறகு காய்ந்து பிசினாகி, முன்பைவிட மோசமாக நிற்கும்.

முகப்பின் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய நிக்கல் பூச்சைப் பளபளவென்று மெருகேற்ற வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். சேகரிப்பவர்கள் மங்கின அசலுக்குத்தான் அதிகம் கொடுப்பார்கள்.

சோதனை ஓட்டமும் வழக்கமான கோளாறுகளும்

ஒவ்வொரு இயந்திரமும் ஒரே காசுக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்க நிக்கல் 21.21 மி.மீ. விட்டமும் 1.95 மி.மீ. தடிமனும் கொண்டது, டைம் (பத்து சென்ட்) 17.91 மி.மீ. விட்டம், குவார்ட்டர் (25 சென்ட்) 24.26 மி.மீ. ‘கிட்டத்தட்ட அதே அளவு’ என்று வேறு நாட்டுக் காசைப் போட்டால் விட்டம் பொருந்தினாலும் தடிமன் காலை வாரிவிடும். தட்டின் வாயில் இரண்டு காசுக்கு நடுவே அது சிக்கும்.

குழாயை முதலில் கையால் நிரப்புங்கள். 20 காசுப் பரிசு ஒன்றுக்கே நிக்கலில் 39 மி.மீ. உயரம் குறையும். குறைந்தது 40 காசாவது உள்ளே இருக்கட்டும். வளைந்தது, விளிம்பு நசுங்கியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள்.

கைப்பிடி அசையவே இல்லை: காசை விரல் உணரவில்லை, அல்லது முந்தைய ஓட்டம் முடியவில்லை. கிளாக் முழுக்க ஓடி நின்றதா என்று பாருங்கள். பலத்தைக் காட்டாதீர்கள்.

ரீல் சுழன்றுகொண்டே இருந்து தானாக நிற்கிறது, ‘டக்’ சத்தம் இல்லை: கிளாக் திணறுகிறது. விசிறியை ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இல்லையென்றால் மறுபடி கழுவ வேண்டும். விசிறியின் தகடுகளை வளைத்து வேகத்தைச் சரிசெய்ய முயலாதீர்கள்.

ஒரு ரீல் மட்டும் இரண்டு சின்னத்துக்கு நடுவில் நிற்கிறது: அந்த நிறுத்தக் கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது நட்சத்திரப் பள்ளத்தின் விளிம்பு தேய்ந்திருக்கும். முதலாவது மலிவு. இரண்டாவதுக்கு அதே மாடலின் உதிரிச் சக்கரம் தேட வேண்டும்.

பரிசு குறைவாக வருகிறது: குழாயில் காசு போதவில்லை, தட்டில் எண்ணெய், அல்லது வளைந்த காசு. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

பரிசே இல்லாத சேர்க்கைக்குக் காசு கொட்டுகிறது: ஆராயும் விரல்களில் ஒன்று வளைந்திருக்கிறது. நீங்கள் எழுதிய 20 வரிப் பட்டியலை வைத்து எந்த ரீலில் தவறு என்று கண்டுபிடித்த பிறகே விரலை நிமிர்த்துங்கள்.

கிளாக் துல்லியமாக ஓடுவதும் ஒரு காலத்தில் தலைவலியானது. 1940-களின் கடைசியில் நெவாடாவில் சிலர் ரீல்களின் நிலையையும் கிளாக்கின் நேரத்தையும் மனப்பாடம் செய்து, சரியான நொடியில் இழுத்துச் சம்பாதித்தார்கள். அதைத் தடுக்கத்தான் நேரத்தைச் சற்றே மாற்றிக்கொண்டிருக்கும் கூடுதல் பாகம் சேர்த்தார்கள். கிளாக்கின் பக்கத்தில் பிற்காலத்தில் ஒட்டவைத்ததுபோல ஏதாவது இருந்து நேரம் ஒவ்வொரு முறையும் மாறினால், அது கோளாறாக இருக்காது.

வாங்கும் முன்பும் நகர்த்தும் முன்பும்

அமெரிக்காவில் 1951-இல் வந்த ஜான்சன் சட்டம் சூதாட்ட இயந்திரங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தியது. பழம்பொருளாக வைத்திருக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 25 ஆண்டுக்கு மேற்பட்டதற்கு அனுமதி உண்டு, எந்த வயதானாலும் கூடாது என்னும் மாநிலங்களும் உண்டு. காலத்தைச் சரியாகக் கணிப்பது இதற்கும் தேவைப்படும். காசு கொடுப்பதற்கு முன் உங்கள் இடத்துச் சட்டத்தைப் பாருங்கள்.

தூக்கும்போது, மேசை மாடலே 30, 40 கிலோ இருக்கும். காசு முழுவதையும் எடுத்துவிடுங்கள், ஜாக்பாட் ஜன்னலில் இருப்பதையும் சேர்த்து. இல்லாவிட்டால் வண்டி குலுங்கும்போது அந்தக் காசுகளே கண்ணாடியை உடைக்கும். உள் இயந்திரத்தை வெளியே எடுத்துத் தனிப்பெட்டியில், ரீல் அச்சு தரைக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். கைப்பிடியைக் கழற்றி, அதன் திருகாணியை அதே துளையில் மாட்டிவிடுங்கள். ஸ்பிரிங் எதுவும் ஏறிய நிலையில் இல்லை என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். சாவியை உள்ளே வைத்துவிடாதீர்கள்.